ஆயுர்வேத முறையில் நல்லெண்ணெய்: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஆயுர்வேத நூல்களில் அடைமொழி ஏதுமின்றி எண்ணெய் என்று வந்தால் அது நல்லெண்ணெயையே குறிக்கும். ஆமணக்கெண்ணெயோ கடுகெண்ணெயோ தேவைப்படும் இடத்தில் மட்டும் அதன் பெயரைத் தனியே சொல்வார்கள். இவ்வளவு முதன்மை பெற்ற பொருள் என்பதாலேயே, எந்த நோய்க்கும் யாரும் எவ்வளவும் பயன்படுத்தலாம் என்ற எண்ணம் புதியவர்களிடம் பரவலாக இருக்கிறது. நூல்கள் அப்படிச் சொல்லவில்லை. யாருடைய உடம்பு, எந்தப் பருவம், செரிமானம் எப்படி இருக்கிறது என்பவற்றைப் பார்த்த பிறகே எண்ணெயைக் கையில் எடுக்கச் சொல்கின்றன. ஆகவே தேய்க்கும் முறைக்குப் போவதற்கு முன் அதன் குணத்தையும், அதைத் தவிர்க்க வேண்டியவர்கள் யார் என்பதையும் அறிந்துகொள்வது நல்லது.

எண்ணெயின் குணம்

சரகரின் பழைய ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதை, சூத்திர ஸ்தானம் என்ற பகுதியின் 13ஆம் அத்தியாயத்தில், உடலுக்கு நெய்ப்பைத் தரும் சிறந்த பொருள்கள் என்று நெய், எண்ணெய், விலங்குக் கொழுப்பு, எலும்பு மஜ்ஜை ஆகிய நான்கைக் குறிப்பிடுகிறது. எண்ணெய்களுக்குள் வலுவூட்டவும் நெய்ப்பூட்டவும் நல்லெண்ணெய் சிறந்தது என்றும், பேதிக்கு ஆமணக்கெண்ணெய் சிறந்தது என்றும் அதே அத்தியாயம் பிரித்துச் சொல்கிறது.

நல்லெண்ணெய் இனிப்புச் சுவையும், அதைத் தொடர்ந்து வரும் துவர்ப்பும், வெப்ப வீரியமும் (உடலில் சூட்டை உண்டாக்கும் தன்மையும்) உடையது. நுண்ணிய நாளங்களிலும் நுழையக்கூடியது. உடலில் விரைந்து பரவக்கூடியது. வாதத்தின் இயல்போ வறட்சி, குளிர்ச்சி, சொரசொரப்பு. எண்ணெயின் குணங்களும் வாதத்தின் குணங்களும் ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை என்பதால் வாதத்தால் வரும் வலி, விறைப்பு, தோல் வறட்சி, தூக்கமின்மை போன்றவற்றுக்கு நல்லெண்ணெய் முதல் தேர்வாகிறது. நெய்ப்புள்ள பொருள்கள் பொதுவாகக் கபத்தைக் கூட்டும். வெப்ப வீரியம் இருப்பதால் நல்லெண்ணெய் அவ்வாறு கூட்டுவதில்லை என்பது சரகரின் கருத்து. ஆனால் அதே வெப்பம் பித்தத்தைக் கூட்டும். இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டால், கீழே சொல்லப்படும் விலக்குகளில் பாதிக்குக் காரணம் தானாகவே விளங்கிவிடும்.

மெலிந்தவரைத் தேற்றும், பருத்தவரை இளைக்கச் செய்யும் என்று வாக்படர் எழுதிய அஷ்டாங்க ஹிருதயம் என்ற நூல் இந்த எண்ணெயைப் பற்றிச் சொல்வது முரண்போலத் தோன்றலாம். மெலிந்தவர்களுடைய சுருங்கிய நாளங்களை விரித்து ஊட்டம் செல்ல வழி செய்கிறது, பருத்தவர்களிடம் நுண்மையாக உட்புகுந்து கொழுப்பைக் கரைக்கிறது என்பது உரைகாரர்கள் தரும் விளக்கம். இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு, உணவையும் உழைப்பையும் மாற்றாமல் எண்ணெய் தேய்த்தே எடையைக் குறைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டியதில்லை.

இன்றைய வேதியியல் நோக்கில், நல்லெண்ணெயில் ஒலீயிக் அமிலமும் லினோலீயிக் அமிலமும் ஏறத்தாழ 40 சதவீதம் வீதம் இருக்கின்றன. செசமின், செசமோலின் ஆகிய இயற்கைச் சேர்மங்களும் இருப்பதால் வேறு பல தாவர எண்ணெய்களைவிட இது மெதுவாகவே காறல் ஏறுகிறது. மூலிகைகளோடு நெடுநேரம் காய்ச்சி, மாதக்கணக்கில் வைத்திருக்க வேண்டிய மருந்தெண்ணெய்களுக்கு இது அடிப்படையாக அமைந்ததற்கு இந்தத் தாங்கும் தன்மையும் ஒரு காரணமாக இருக்கலாம்.

முதலில் பார்க்க வேண்டியது: யாருக்கு வேண்டாம்

எண்ணெய் தேய்த்துக்கொள்ளக் கூடாதவர்கள் என்று வாக்படர் மூன்று பேரைச் சொல்கிறார்: கபம் மிகுந்தவர், வாந்தி அல்லது பேதி கொடுத்து உடலைச் சுத்தி செய்துகொண்டவர், செரிமானம் கெட்டவர். சளி கட்டியிருக்கும்போதும், தலை பாரமாக இருக்கும்போதும், முதல் நாள் உண்டது செரிக்காமல் நாக்கில் வெள்ளைப் படிவும் வயிற்றில் மந்தமும் இருக்கும்போதும் எண்ணெய்ப் பக்கம் போகாமல் இருப்பதே சரி. காய்ச்சலின்போதும் இது பொருந்தும்.

பலரும் தவறும் இடம் மூட்டு வலி. மூட்டு வலித்தால் உடனே எண்ணெயைத் தேய்ப்பது பழக்கமாகிவிட்டது. தேய்மானத்தால் வரும் வறண்ட வலிக்கு அது பொருத்தமும்கூட. ஆனால் செரிக்காத கழிவாகிய ஆமம் மூட்டுகளில் தங்குவதால் வருவதாக ஆயுர்வேதம் கூறும் ஆமவாதத்தில், மூட்டுகள் வீங்கி, சூடாகி, காலையில் நெடுநேரம் மடக்க முடியாமல் இருக்கும், பசியும் இருக்காது. அந்த நிலையில் எண்ணெய் தேய்த்தால் ஆமம் மேலும் இறுகும் என்பதால், மணல் ஒத்தடம் போன்ற வறண்ட ஒத்தடத்தையே வைத்தியர்கள் முதலில் தருவார்கள். ஆமம் குறைந்த பிறகே எண்ணெயின் முறை வரும். வலி ஒன்றுபோல இருந்தாலும் மருந்து ஒன்றாக இருக்காது என்பதால், வீக்கமும் சூடும் உள்ள மூட்டுக்குத் தானாக எண்ணெய் தேய்ப்பதை விட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இவை தவிர, திறந்த புண், சீழ்ப்பிடித்த தோல், புதிய தீக்காயம் ஆகியவற்றின்மேல் நல்லெண்ணெய் கூடாது. ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் அது இரத்தக் கட்டியாக இருக்கக்கூடும். அதை அழுத்தித் தேய்ப்பது ஆபத்தானது. கர்ப்பிணிகள் வைத்தியரைக் கேட்காமல் வயிற்றில் தேய்த்துக்கொள்ளக் கூடாது. உடல் எரிச்சல், அடிக்கடி வேனற்கட்டி, சிவந்து தடிக்கும் தோல் என்று பித்தக் குறிகள் மிகுந்தவர்களுக்கு வெறும் நல்லெண்ணெய் சூட்டைக் கூட்டலாம்.

எள் ஒவ்வாமை உள்ளவர்கள் இந்த எண்ணெயை உள்ளும் புறமும் அறவே விலக்க வேண்டும். சுத்திகரிக்காத எண்ணெயில் எள்ளின் புரதம் சிறிதளவு தங்கியிருக்கும். ஒவ்வாமை கடுமையாக இருப்பவர்களுக்கு அதுவே போதும். அப்படி எதுவும் இல்லாதவர்களும் முதன்முறை பயன்படுத்துவதற்கு முந்தைய நாள், முன்கையின் உட்புறத்தில் ஒரு சொட்டைத் தடவி 24 மணி நேரம் பார்த்துக்கொள்வது நல்லது.

எண்ணெயைத் தேர்ந்தெடுத்தல்

வறுக்காத எள்ளிலிருந்து செக்கில் ஆட்டிய, சுத்திகரிக்காத எண்ணெய் போதும். எள்ளை வறுத்து ஆட்டிய, ஆழ்ந்த பழுப்பு நிறமும் தூக்கலான மணமும் உள்ள எண்ணெய் சமையலுக்கானது. உடலில் தேய்க்க ஏற்றதன்று. நிறமும் மணமும் இல்லாதபடி சுத்திகரித்த எண்ணெயால் பெரிய தீங்கில்லை என்றாலும், மேலே சொன்ன சேர்மங்களில் ஒரு பகுதி அதில் குறைந்துவிடும். மூடியைத் திறந்தவுடன் பழைய வண்ணப்பூச்சுபோல மூக்கைக் குத்தும் வாசனை வந்தால் அது காறிய எண்ணெய். விளக்கேற்ற மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம்.

உடலில் தேய்த்தல்: அப்பியங்கம்

எண்ணெய் பூசிய குடமும், எண்ணெய் ஊறிய தோலும், மசகிட்ட வண்டியச்சும் உறுதிப்பட்டுத் தேய்மானத்தைத் தாங்குவதுபோல, எண்ணெய் தேய்த்த உடலும் உறுதி பெறும் என்று சரகர் எழுதுகிறார். நாள்தோறும் செய்ய வேண்டியது என்று வாக்படர் இதைச் சொன்னாலும், புதியவர்கள் வாரத்துக்கு ஒரு முறை அல்லது இரு முறை என்று தொடங்கி, உடல் எப்படி ஏற்றுக்கொள்கிறது என்று பார்த்துக் கூட்டிக்கொள்வதே தக்கது.

காலையில் மலசலம் கழித்த பின்னர், வெறும் வயிற்றில் செய்வது உகந்தது. மற்ற நேரத்தில் செய்வதானால் முன்பு உண்டது முழுமையாகச் செரித்திருக்க வேண்டும். காற்று நேராக அடிக்காத அறையில், வழுக்காத பழைய விரிப்பு ஒன்றின்மேல் உட்கார்ந்துகொள்ளவும். முழு உடலுக்கு ஏறத்தாழ 50 மில்லி போதும். வழிந்தோடும் அளவுக்கு ஊற்றுவதால் கூடுதல் பயன் எதுவும் இல்லை. எண்ணெயை அடுப்பில் நேரடியாக வைக்காமல், ஒரு கிண்ணத்தில் ஊற்றி அதைச் சுடுநீர்ப் பாத்திரத்துக்குள் சில நிமிடங்கள் வைத்தால் இதமான சூடு கிடைக்கும். மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு துளி விட்டுப் பார்த்து, சுடாமல் வெதுவெதுப்பாக இருந்தால் தொடங்கலாம்.

முதலில் உச்சந்தலையில் சிறிது எண்ணெயை வைத்து விரல் நுனிகளால் மயிர்க்கால்கள் வரை பரப்ப வேண்டும், நகம் படக்கூடாது. அடுத்து காது மடல்களையும் அவற்றின் பின்புறத்தையும் தடவிக் கழுத்துக்கு இறங்கவும். தோள், கை, மார்பு, வயிறு, முதுகு, இடுப்பு, கால் என்று வரிசையாகச் சென்று பாதத்தில் முடிக்கவும். கை, கால்களின் நீளமான பகுதிகளில் ரோமம் வளரும் திசையிலேயே நீளவாக்கில் தேய்க்க வேண்டும்; மூட்டுகளில் வட்டமாகத் தேய்க்க வேண்டும். முழங்காலுக்குத் தேய்க்கும்போது காலை லேசாக மடக்கி, உள்ளங்கையைக் குழித்துச் சிரட்டையின்மேல் கவிழ்த்து, விரல்கள் இரு பக்கங்களிலும் இறங்கும்படி மெதுவாகச் சுழற்றவும். முழங்காலின் பின்குழியில் அழுத்தம் கொடுக்கக் கூடாது. வயிற்றில் தொப்புளைச் சுற்றிக் கடிகார முள் சுழலும் திசையில், அழுத்தாமல் தடவினால் போதும்.

எவ்வளவு நேரம் என்ற கேள்விக்கு, சுஸ்ருத சம்ஹிதைக்கு உரை எழுதிய டல்ஹணர் ஒரு கணக்குத் தருகிறார். எண்ணெய் 300 மாத்திரை நேரத்தில் மயிர்க்கால்களையும், 400 மாத்திரையில் தோலையும், 500இல் இரத்தத்தையும் என ஒவ்வொரு நூறுக்கும் ஒரு தாதுவாக (உடலைக் கட்டமைக்கும் கூறாக) உட்சென்று, 900 மாத்திரையில் மஜ்ஜையை அடையும் என்பது அந்தக் கணக்கு. ஒரு மாத்திரை என்பது கண் இமைக்கும் நேரம் என்று கொண்டால், 900 மாத்திரை ஏறத்தாழ ஐந்து நிமிடம் ஆகும். எண்ணெய் உண்மையிலேயே மஜ்ஜை வரை போகிறது என்று உடலியல் சொல்லவில்லை. ஆனாலும் ஓர் உறுப்பில் ஐந்து நிமிடமாவது நின்று நிதானமாகத் தேய்க்க வேண்டும் என்ற நடைமுறை அளவுகோலாக இதைக் கொள்ளலாம். அவசரமாகப் பூசிவிட்டு எழுந்துவிடுவது அப்பியங்கம் ஆகாது.

தேய்த்து முடித்ததும் 15 முதல் 30 நிமிடம் வரை ஓய்வாக இருந்துவிட்டு வெந்நீரில் குளிக்கவும். இங்கே கவனிக்க வேண்டிய ஒரு விதி உண்டு: கழுத்துக்குக் கீழே ஊற்றும் வெந்நீர் வலுவைத் தரும், அதே வெந்நீரைத் தலையில் ஊற்றினால் முடியின் வலுவும் கண்ணின் வலுவும் குறையும் என்று வாக்படர் தெளிவாகச் சொல்கிறார். எனவே தலைக்கு இளஞ்சூடான நீரே ஏற்றது. எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கப் பயற்றமாவு போன்ற மாவுப் பொடி போதும். நுரை பொங்கச் சோப்பைப் போட்டுச் சுரண்டிவிட்டால் தோலில் தங்க வேண்டிய நெய்ப்பும் போய்விடும். எண்ணெய் படிந்த குளியலறைத் தரை மிகவும் வழுக்கும் என்பதால், வயதானவர்கள் பாதத்தைத் துடைத்த பிறகே எழுந்து நடக்க வேண்டும். அன்றைய உணவு எளிதில் செரிப்பதாக இருக்கட்டும்.

முழு உடலுக்கும் தேய்க்க நேரம் இல்லாதவர்களுக்கு வாக்படரே வழி காட்டியிருக்கிறார்: தலை, காது, பாதம் ஆகிய மூன்றிலும் சிறப்பாகத் தேய்க்க வேண்டும் என்பது அவர் வாக்கு. எங்கிருந்து தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு நான் பாதத்தையே சொல்வேன். இரவு படுக்கும் முன் கால்களைக் கழுவித் துடைத்து, அரைத் தேக்கரண்டி எண்ணெயை உள்ளங்காலில் தேய்த்து, கட்டைவிரலால் குதிகாலிலிருந்து விரல்களை நோக்கி நீவிவிட்டால் போதும். பாத வெடிப்பும் சொரசொரப்பும் குறைவதைச் சில வாரங்களில் கண்ணால் காணலாம். தூக்கத்துக்கும் கண்ணுக்கும் இது நல்லது என்பது நூல்களின் கூற்று. படுக்கைத் துணி வீணாகாமல் இருக்கப் பழைய பருத்திக் காலுறையை அணிந்துகொள்ளலாம்.

வாயில் நிறுத்துதலும் கொப்பளித்தலும்

இதில் இரண்டு முறைகள் உண்டு. அசைக்க இடமில்லாதபடி வாய் நிறைய எண்ணெயை வைத்திருப்பது கண்டூஷம்; குறைவாக எடுத்து வாய்க்குள் உருட்டிக் கொப்பளிப்பது கவளம். புதியவர்களுக்குக் கவளமே எளிது. பல் துலக்கும் முன் இரண்டு தேக்கரண்டி எண்ணெயை வாயில் விட்டு, தலையைப் பின்னால் சாய்க்காமல், ஐந்து நிமிடம் மெதுவாகப் பற்களின் இடையே ஓடவிட்டுத் துப்பவும். நூல்கள் கடிகாரத்தைச் சொல்லவில்லை. வாயில் கபம் நிறைந்து, மூக்கிலும் கண்ணிலும் நீர் கசியத் தொடங்கும்போது துப்பிவிட வேண்டும் என்றே சொல்கின்றன. தாடை வலிக்கும் அளவுக்கு இழுத்துக்கொண்டு போவதில் பொருள் இல்லை. விழுங்கக் கூடாது. கை கழுவும் தொட்டியில் துப்பினால் குழாய் அடைத்துக்கொள்ளும் என்பதால் குப்பையில் துப்புவது நல்லது.

தாடைக்கு வலு, குரல் வளம், சுவையுணர்வு, உதடு வெடிக்காமை, தொண்டை வறளாமை, பல் கூசாமை ஆகியவை இதன் பயன்களாகச் சரகர் சொல்பவை. பற்படலம் குறைவதாகச் சிறிய அளவிலான ஆய்வுகள் சில தெரிவிக்கின்றன. பல் துலக்குவதற்கு இது மாற்று ஆகாது. சொத்தைப் பல்லையும் இது சரிசெய்யாது. இரத்தத்திலிருந்து நச்சை உறிஞ்சி எடுத்துவிடும் என்று சொல்லப்படுவதற்கு ஆதாரம் இல்லை. துப்பும்போது எண்ணெய் வெளுத்திருப்பது உமிழ்நீரோடு கலந்து குழம்பானதால்தான், நச்சு சேர்ந்ததால் அன்று. சிறு குழந்தைகளுக்கும், விழுங்குவதில் சிரமம் உள்ளவர்களுக்கும் இந்த முறை வேண்டாம்.

வைத்தியரிடம் விட்டுவிட வேண்டியவை

மூக்கில் சொட்டு விடும் நசியம், காதில் எண்ணெய் நிரப்பும் கர்ணபூரணம், ஆசனவாய் வழியாக எண்ணெய் செலுத்தும் வஸ்தி, நெற்றியில் தாரையாக ஒழுக்கும் சிரோதாரை, இடுப்பில் மாவு வரம்பு கட்டி எண்ணெயைத் தேக்கும் கடிவஸ்தி ஆகியவற்றிலும் நல்லெண்ணெயே பெரும்பாலும் அடிப்படை. இவற்றை வீட்டில் தாமாகச் செய்து பார்க்க வேண்டாம். மூக்கின் வழியாக எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விட்டால் அங்கே தங்கி அழற்சியை உண்டாக்கும். கைக்குழந்தைகளின் மூக்கிலும் வாயிலும் எண்ணெய் விடுவது அதனாலேயே மிக ஆபத்தானது. செவிப்பறையில் துளை இருக்கிறதா என்று பார்க்காமல் காதில் எண்ணெய் ஊற்றுவதும் அப்படியே. சீழ் வடியும் காதில் ஊற்றவே கூடாது.

சிகிச்சையாக எண்ணெயை உள்ளுக்குக் குடிப்பதற்குச் சரகர் பருவம்கூட வகுத்திருக்கிறார்: நெய்க்கு மழைக்காலத்துக்குப் பின் வரும் சரத் காலம், எண்ணெய்க்கு மழை தொடங்கும் காலம். நெய் குடித்த பின் வெந்நீரும், எண்ணெய் குடித்த பின் பயறு வேகவைத்த சாறும் அருந்த வேண்டும் என்பதும் அவர் விதித்ததே. நோயாளியின் செரிமானத் திறனை அளந்து அளவு தீர்மானிக்கும் இந்தச் சிகிச்சையை, நீரிழிவும் பித்தப்பைக் கல்லும் இதய நோயும் பரவலாக உள்ள இக்காலத்தில், மருத்துவக் கண்காணிப்பு இல்லாமல் தொடங்குவது தவறு.

மருந்தெண்ணெய்கள்

நல்லெண்ணெயின் உண்மையான வலிமை, தான் சேரும் பொருளின் குணத்தை அது ஏற்றுக்கொள்வதில் இருக்கிறது. தக்கபடி பக்குவம் செய்தால் எல்லா நோயையும் வெல்லும் என்று நூல்கள் புகழ்வது இந்தப் பண்பைத்தான். சார்ங்கதர சம்ஹிதை தரும் பொது அளவின்படி, அரைத்த மூலிகை விழுது ஒரு பங்கு, எண்ணெய் நான்கு பங்கு, கஷாயம் அல்லது பால் போன்ற திரவம் பதினாறு பங்கு சேர்த்து, நீர்ச்சத்து முழுவதும் வற்றும்வரை சிறு தீயில் காய்ச்ச வேண்டும். பதம் பார்ப்பதற்கு விழுதில் சிறிது எடுத்து விரல்களுக்கிடையே உருட்டுவார்கள். அது திரியாகத் திரண்டு, நெருப்பில் இட்டால் சடசடக்காமல் எரிந்தால் ஈரம் போய்விட்டது என்று பொருள். அந்த நேரத்தில் எண்ணெயில் நுரை எழும். நெய்யில் இதற்கு மாறாக நுரை அடங்கும். பதத்திலும் படிகள் உண்டு: விழுது மென்மையாக இருக்கும்போதே இறக்கியது மூக்குக்கும், இடைப்பதம் குடிக்கவும் வஸ்திக்கும், முறுகிய பதம் உடலில் தேய்க்கவும் ஏற்றவை.

சிற்றாமுட்டி வேரும் பாலும் சேர்த்துக் காய்ச்சும் க்ஷீரபலா தைலம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வெப்பமான எண்ணெய், குளிர்ச்சியான பாலோடு சேர்ந்து பக்குவமாவதால் வாதத்தோடு பித்தமும் கலந்த உடல்களுக்கும் அது பொருந்துகிறது. அதையே திரும்பத் திரும்ப 101 முறை காய்ச்சிச் செறிவாக்கிய வகையும் உண்டு. அது சொட்டுக் கணக்கில் பயன்படுவது, உடலில் தேய்ப்பதற்கானதன்று. தேன்மெழுகும் மஞ்சிட்டியும் சேரும் பிண்ட தைலம் எரிச்சலோடு கூடிய வாதரத்தத்துக்கும் (வாதமும் இரத்தமும் கெடுவதால் வரும் மூட்டு நோய்), மகாநாராயண தைலம் வாத வலிகளுக்கும், அணு தைலம் நசியத்துக்கும் உரியவை. பெயர் தெரிந்துவிட்டது என்பதற்காக ஒன்றுக்கு மற்றொன்றை மாற்றிப் பயன்படுத்தக் கூடாது.

இந்தியாவில் ஆயுர்வேத மருந்துகளின் உற்பத்தி 1940ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டத்துக்கு உட்பட்டது. ஆகவே வாங்கும்போது புட்டியில் ஆயுர்வேத மருந்து என்ற குறிப்பு, உற்பத்தி உரிம எண், தொகுதி எண், காலாவதி நாள், வெளி உபயோகத்துக்கு மட்டும் என்ற எச்சரிக்கை ஆகியவற்றைப் பார்க்கவும். உரிம எண் இல்லாத தைலம் எவ்வளவு புகழப்பட்டாலும் வேண்டாம்.

எண்ணெயை நிறமுள்ள கண்ணாடிப் புட்டியில், வெயில் படாத இடத்தில் வைக்கவும். ஒரு முறை சூடாக்கியதை மீண்டும் புட்டியில் ஊற்றாமல், அன்றைக்கு வேண்டியதை மட்டும் தனியே எடுத்துச் சூடாக்கவும். எண்ணெய் ஊறிய துண்டுகளைக் குவித்து வைப்பதும், அரைகுறையாகத் துவைத்து உலர்த்தும் இயந்திரத்தில் போடுவதும் கூடாது. அவற்றில் தங்கிய எண்ணெய் காற்றோடு வினைபுரிந்து தானாகச் சூடேறித் தீப்பற்றக்கூடும். அத்துண்டுகளைச் சுடுநீரில் சோப்பிட்டு ஊறவைத்துத் துவைத்து, கொடியில் விரித்து உலர்த்தவும்.